சவரக்கத்தி பழகலாமா? முதலில் யார் தீட்டுவது என்று சொல்லுங்கள்

என் சவரக்கத்தி முகத்துக்கு வருவதற்கு முன்னால், ஜன்னல் கம்பியில் மாட்டிய தோல்வாரில் அறுபது தடவை போய்வந்தாக வேண்டும். கத்தியின் தடித்த முதுகு முன்னே போகும், கூருள்ள வாய் பின்னே இழுபடும். வாரின் கோடிக்கு வந்ததும் கத்தியை முதுகின் மேலேயே புரட்டிப் போட்டுத் திரும்ப வேண்டும். அவசரத்தில் வாய்ப் பக்கமாகப் புரட்டிவிட்டால் வார் வெட்டுப்படும். பழக ஆரம்பித்த முதல் வாரத்தில் என் வாரில் மூன்று வெட்டு விழுந்தது. முகத்தில் ஒன்றுகூட இல்லை.

ஆபீஸிலோ கல்யாண வீட்டிலோ இந்தப் பேச்சை எடுத்தால் "வெட்டிக்காதா சார்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வெட்டிக்கொள்ளும், அவ்வப்போது கொஞ்சம். அது பத்து நாளில் அடங்கிப்போகிற விஷயம். அடங்காத கேள்வி, கூர் மழுங்கினால் யார் தீட்டுவது என்பது. சவரத்தின் சரித்திரமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது. கில்லெட் கம்பெனி 1903-ல், மழுங்கினால் தூக்கிப் போடும் பிளேடோடு தன் ரேசரை விற்க ஆரம்பித்தபோது அந்த வருஷம் முழுக்கப் போனது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருஷமே ரேசர் மட்டும் 90,000-ஐத் தாண்டியது. அந்தக் காலத்து கில்லெட் விளம்பரங்களைப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது "வார் வேண்டாம், சாணை வேண்டாம்" என்ற வாக்குறுதி. வெட்டுக்காயத்துக்கு அஞ்சியவர்களைவிடத் தீட்டி அலுத்துப்போனவர்கள்தான் அதிகம் என்று கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே பழக நினைக்கிறவருக்கு முன்னால் இருக்கும் வழிகளை நான் இப்படித்தான் பிரிப்பேன்: கூரை நீங்களே பார்த்துக்கொள்ளும் நிஜக் கத்தி, மழுங்கினால் தூக்கிப் போடும் பிளேடு மாட்டுகிற கத்தி, கத்தியே வேண்டாம் என்று ஒற்றை பிளேடு ரேசரோடு நிற்பது. மூன்று, ஐந்து பிளேடு அடுக்கிய ரேசர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றில் திருப்தியாக இருப்பவர் இதுவரை படித்திருக்க மாட்டார்.

சலூன் கத்தி

பெரும்பாலோர் தொடங்குவது இங்கேதான், நானும் அப்படித்தான். நூறு ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கும் எவர்சில்வர் பிடி. சாதாரண ரேசர் பிளேடை நீளவாக்கில் பாதியாக்கி அதில் செருக வேண்டும். "இதில் பழகிவிட்டுப் பிறகு நிஜக் கத்திக்குப் போகலாம்" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. அதில் பாதிதான் சரி.

எங்கள் தெரு சலூன்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். அவர் பாதி பிளேடு எடுக்கும் விதமே தனி. பிளேடைக் காகித உறையிலிருந்து எடுக்காமலே இரண்டு கைக் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து மடிப்பார். 'டக்'கென்று சத்தம் வரும், உறைக்குள்ளேயே இரண்டு துண்டு. ஒன்றை மாட்டிக்கொண்டு மற்றதை அடுத்த ஆளுக்கென்று எடுத்துவைப்பார்.

"அண்ணே, அந்தக் காலத்துக் கத்தி வச்சிருந்தீங்களே, என்னாச்சு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடைப்பப் பையில தூங்குது தம்பி. எய்ட்ஸ் பயம் வந்த பிறகு எல்லாரும் புது பிளேடு போடுன்னுட்டாங்க. அதுவும் நல்லதுதான். ஆளாளுக்குத் தீட்டிக்கிட்டு நின்னா கடை வாடகை யாரு குடுக்குறது?"

உள்ளங்கையைக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் தோல் தடித்துக் கிடந்தது. வார் கைக்கெட்டாத நேரத்தில் கத்தியை அங்கேதான் இழுப்பாராம். நான் பழகப் போவதாகச் சொன்னதும் சிரித்தார்.

"அமுக்காதீங்க தம்பி. கத்தி தன் பாரத்துல போகணும், உங்க பாரத்துல இல்ல."

"நீங்க உங்களுக்கு இதிலேயேதானே பண்ணிப்பீங்க?"

"எனக்கு ரேசர்தான். கண்ணாடியில பார்த்தா கை மாறிப்போயிடுது."

நாற்பது வருஷம் அடுத்தவர் முகத்தில் கத்தி ஓட்டியவர், தன் முகத்துக்கு ரேசர் பிடிக்கிறார். அவருக்கு ஆள் நாற்காலியில் சாய்ந்திருப்பார், வெளிச்சம் மேலிருந்து விழும், ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்கும், மற்றது ஓட்டும். நமக்கோ கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிகிறது, தோலை இழுக்க வேண்டிய கை மூக்கைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது, முழங்கை கண்ணாடியை மறைக்கிறது.

அவர் சொன்ன பாரம்தான் சலூன் கத்தியின் குறையும். ரேசர் பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். பிடியும் லேசு. தன் பாரத்தில் போக அதில் பாரமே கிடையாது. கை தானாக அழுத்தும். புது பிளேடின் கூர், வீட்டில் தீட்டிய கத்தியின் கூரைவிட முரட்டுத்தனமானது, கோணம் கொஞ்சம் தப்பினாலும் மன்னிக்காது. பாதியாக்கிய பிளேடின் இரண்டு மூலையும் ஊசி மாதிரி நிற்கும். மேலுதட்டிலும் காது மடலுக்குக் கீழேயும் எனக்கு விழுந்த கீறல் எல்லாம் அந்த மூலைகளின் கைவண்ணம்.

நல்லதும் உண்டு. வார் வேண்டாம், கல் வேண்டாம், துருவைப் பற்றிய கவலை இல்லை, செலவும் இல்லை. கோணம், தோலை இழுப்பது, இடது கையைப் பழக்குவது மூன்றையும் இதில் கற்கலாம். கத்தியின் எடை எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் இது கற்றுத் தராது. இதில் பயந்துபோய் விட்டவர்கள் நிஜக் கத்தி இன்னும் மோசமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிஜக் கத்தி இதைவிடச் சாது.

இதே வகையில் உசத்தியான ரகம் ஜப்பானின் ஃபெதர் நிறுவனத்துடையது. கத்திக்குப் பேர்போன செகி நகரத்துச் சரக்கு. பிடியில் எடை உண்டு. பிளேடும் ரேசர் பிளேடைவிடத் தடித்தது, மூலைகள் உறுத்தாது. தீட்ட மனமில்லை, கத்தியின் சுகம் மட்டும் வேண்டும் என்பவருக்கு இதுதான் என் சிபாரிசு. ஒரே தொல்லை, கடையில் கிடைக்கும் எந்த பிளேடும் அதில் சேராது. அதற்கென்று செய்த பிளேடைத் தேடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், விலையும் பல மடங்கு.

நிஜக் கத்தி

கத்தியைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அதன் தந்திரம் புரியும். முதுகு தடித்திருக்கும், இரண்டு பக்கமும் குழிவாகச் செதுக்கி வாயில் வந்து மெலியும். கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் மட்டும் தொடும். அதாவது தீட்டும் கோணத்தைக் கத்தி தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. 19 மில்லிமீட்டர் அகலமும் 5.5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்தியில் அது 16, 17 டிகிரி வரும். சமையல் கத்தி தீட்டுகிறவர் கோணத்தை மணிக்கட்டில் பிடித்து நிறுத்தியாக வேண்டும். இங்கே முதுகைத் தூக்காமல் இருந்தாலே போதும். கேட்கச் சுலபம். தூக்காமல் இருக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

முகத்தில் கோணம் 30 டிகிரி சுமார். அளவுகோல் தேவையில்லை. கன்னத்துக்கும் முதுகுக்கும் நடுவே, முதுகின் தடிமனைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு இடைவெளி இருந்தால் சரி. அதைவிடப் படுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும், நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும். சரியாகப் போகும்போது காய்ந்த சருகின் மேல் நடக்கிற மாதிரி ஒரு சரசரப்பு காதில் விழும். குழிவு அதிகமான கத்தியில் அது இன்னும் தெளிவாகக் கேட்கும். சத்தம் நின்றால் முடி தீர்ந்துவிட்டது அல்லது கூர் போய்விட்டது என்று அர்த்தம்.

பராமரிப்புக்கு வருவோம், பலரும் கழன்றுகொள்ளும் இடம். தினசரி வேலை வாருடையது. மாதக்கணக்கில் ஒருமுறை கல் வேலை. கெட்டுப்போன வாயை மறுபடி உருவாக்க 1000 எண் கல், பிறகு 4000, 8000, மெருகுக்கு 12000. எண் கூடக் கூடக் கல் நைசாகும். எல்லாம் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் கற்கள். நல்ல நிலையில் உள்ள கத்திக்குக் கடைசிக் கல் ஒன்றே போதும். ஹார்டுவேர் கடையில் விற்கும் கறுப்புச் சாணைக்கல்லை இதன் அருகில் கொண்டுவராதீர்கள். தெருவில் சக்கரம் மிதித்து வரும் சாணைக்காரர் அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் கைதேர்ந்தவர். சவரக்கத்தியைக் கொடுத்தால் சக்கரத்தின் சூட்டில் அந்த மெல்லிய வாயின் பதம் போய்விடும். நீலம் பாய்ந்த வாயில் பிறகு கூர் நிற்காது.

இவ்வளவு மெனக்கெடல் ஏன் என்று கேட்பவருக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒரு பதில். முடியைவிட ஐம்பது மடங்கு கடினமான உருக்கு, முடியை வெட்டியே எப்படி மழுங்குகிறது என்று எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தேய்மானம் என்று எதிர்பார்த்த இடத்தில் வாயில் சில்லு பெயர்ந்திருந்தது. முடி வளைந்து சாயும்போது, உருக்கின் கட்டமைப்பு சீராக இல்லாத இடத்தில் அந்த விசை குவிந்து சில்லு தெறிக்கிறது. அவர்கள் பார்த்தது தூக்கிப் போடும் பிளேடை. ஆனால் காய்ந்த முடியில் கத்தி வைப்பது எந்தக் கத்திக்கும் கேடு. வெந்நீரில் மூன்று நிமிஷம் ஊறினால் முடி மெத்தென்று ஆகி வெட்டும் விசை வெகுவாகக் குறையும். கத்திக்காரனுக்கு நுரை அலங்காரப் பொருள் இல்லை.

துரு இன்னொரு தலைவலி. நல்ல கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் உருக்கு. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் குளியலறை அலமாரியில் ஒரு வாரம் விட்டால் வாயில் கரும்புள்ளி தெரியும். துடைத்துக் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி பீரோவில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும்.

புதிதாக வாங்குவதானால் ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்ஸின் தியேர் இரண்டும் நம்பகமான ஊர்கள். சோலிங்கன் என்ற பெயரையே 1938 முதல் சட்டம் காக்கிறது. அந்த வட்டாரத்தில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது. நம் கைக்கு வரும்போது விலை பத்தாயிரத்தைத் தாண்டும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் எண்ணூறு ரூபாய்க்கு, 'முகத்துக்குத் தயார்' என்ற வாசகத்தோடு ஒரு கத்தி வாங்கினேன். பிடியில் மான் படம் வேறு. கண்ணாடித் தட்டின் மேல் படுக்க வைத்து வெளிச்சத்துக்கு நேரே பார்த்தபோது நடுவில் கீற்றாக ஒளி தெரிந்தது. முதுகே வளைந்த கத்தி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கல்லில் தேய்த்தேன். இரண்டு நுனியும் கூராயின, நடு அப்படியே இருந்தது. இப்போது தபால் உறை பிரிக்க உதவுகிறது.

அந்த எண்ணூறைப் பழைய கத்தியில் போட்டிருக்கலாம். தாத்தா பெட்டியிலோ பழைய பொருள் கடையிலோ இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், சோலிங்கன் முத்திரையோடு கிடைப்பவை பெரும்பாலும் நல்ல உருக்கு. முத்திரையை மட்டும் நம்பாமல் மூன்றைப் பாருங்கள்: வாயில் விரிசல் இருக்கக் கூடாது, துருக்குழி வாயைத் தொட்டிருக்கக் கூடாது, முதுகு இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். மேற்பரப்பில் கறுத்திருப்பது கெடுதல் இல்லை.

நல்ல உருக்கு என்றதும் ஒரு கிளைக்கதை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞர் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்துவந்தார். ஐரோப்பாவின் சிறந்த உருக்கைவிட இந்தியாவிலிருந்து வரும் 'வூட்ஸ்' உருக்கையே விரும்புவதாகத் தன் கடைச் சீட்டில் அச்சடித்து வைத்திருந்தார். 1820-ல் மைக்கேல் பாரடேயோடு சேர்ந்து உருக்குக் கலவை பற்றிய சோதனைகளையும் வெளியிட்டார். வூட்ஸ் என்பது கன்னடத்தில் உக்கு, நம்மிடம் உருக்கு. சோலிங்கன் கத்தியை வாங்கிப் பெருமைப்படும்போது எனக்கு இது ஞாபகம் வரும், கொஞ்சம் கூச்சத்தோடு.

ரேசரோடு நிற்பது

இந்த வழியைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். பயமும் பழையது, அதற்கான மருந்தும் பழையது. 1760-களிலேயே பாரிஸ் கத்தி வினைஞர் ழான்-ழாக் பெரே, தச்சரின் இழைப்புளியைப் பார்த்துச் சவரக்கத்தியின் வாய் கொஞ்சம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மரக் காப்பு போட்டார். நம் ரேசரின் பாட்டன் அதுதான்.

கத்தி பழகுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி, ரேசரிலேயே தீர்ந்துவிடும். சுருள் முடிக்காரர்களுக்கு அடுக்கு பிளேடு முடியைத் தோலுக்குக் கீழே வரை வெட்டுவதால், முடி உள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளம் வைக்கும். ஒற்றை வாய் போதும் என்றால் இரண்டு பக்கப் பிளேடு போட்ட ரேசரே அதைச் செய்யும். பணம் மிச்சம் என்பதும் கட்டுக்கதை. சோலிங்கன் கத்தி, வார், கற்கள் என்று சிக்கனமாகப் பார்த்தாலும் பதினைந்தாயிரம் ஆகும். ஒரு பிளேடு ஐந்து ரூபாய் என்று வைத்து, வாரத்துக்கு ஒன்று போட்டால், அந்தப் பணத்துக்கு 57 வருஷம் பிளேடு வாங்கலாம். குப்பை குறையும் என்பது மட்டும் உண்மை. நேரம் மிச்சம் என்று யாராவது சொன்னால் அவரிடம் கத்தியே இல்லை.

எனக்குப் பட்டது

காலையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவர், வாரத்தில் ஐந்து நாள் மழித்த முகத்தோடு போயாக வேண்டியவர், ரேசரோடு நிற்கட்டும். வெளியூர் வேலை அதிகம் உள்ளவரும் அப்படியே. விமானத்தில் கைப்பையில் கத்தியும் போகாது, ரேசர் பிளேடும் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் கை நடுங்குகிறவருக்கும் எந்தக் கத்தியும் வேண்டாம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இரண்டு வருஷம் பொறுங்கள்.

கத்தி ஓட்டும் சுகம் வேண்டும், கல்லோடு மல்லுக்கட்ட முடியாது என்பவர் ஜப்பான் வகைக்குப் போகலாம். ஆசை நிலைக்குமா என்று சோதித்துப் பார்க்க மட்டும் நூறு ரூபாய் சலூன் கத்தி. ஒரு மாதத்துக்கு மேல் அதில் பாடுபடாதீர்கள்.

வீட்டில் மிக்ஸியைக் கழற்றிப் பார்க்கிறவர், பேனா நிப்பைத் தானே சரி செய்கிறவர், அரிவாள்மணையைத் தீட்டிவிட்டுத் தாளை வெட்டிப் பார்க்கிறவர் என்று ஒரு ஜாதி உண்டு. நிஜக் கத்தி அவர்களுக்கு. தீட்டுவது அவர்களுக்குத் தண்டனையாகத் தெரியாது. நானும் அந்த ஜாதிதான் என்பதால் என் தீர்ப்பில் ஓரவஞ்சனை இருக்கும். அப்படியிருந்தும் எனக்குக் கத்தி ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளில் ரேசர்.

முடிவு எடுத்துவிட்டால் வாங்கும் வரிசை முக்கியம். முதலில் பிரஷ், சோப்பு, கிண்ணம். கையில் இருக்கும் ரேசரோடு இரண்டு வாரம் நல்ல நுரை அடிக்கப் பழகுங்கள். அடுத்தது வார், மலிவானதாக, ஏனென்றால் அதை நீங்கள் வெட்டத்தான் போகிறீர்கள். பிறகு தீட்டத் தெரிந்தவர் தீட்டிக் கொடுத்த கத்தி ஒன்று. கற்களை ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போடலாம்.

முதல் நாள் கிருதாவுக்குக் கீழே கன்னத்தில் நாலு விரற்கடை மட்டும், முடி வளரும் போக்கிலேயே. மிச்சத்தை ரேசரில் முடியுங்கள். ஒரு வாரம் கழித்து அடுத்த கன்னம், இடது கையால். கழுத்து மூன்றாவது வாரம். மோவாயும் மேலுதடும் கடைசி. எதிர்ப்போக்கு இரண்டு மாதத்துக்கு வேண்டாம். முடித்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, ஈர முகத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்துப் பாருங்கள். எந்த இடம் சுரீரென்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். எனக்கு இன்னும் இடது தாடையோரம் சுரீரென்கிறது.